அவளாக எட்டு நிமிடம்

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எட்டு நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும் என்பது சட்டம். ஒரு நொடி முன்னதாக எழுந்துவிட்டாலும் கையெழுத்து செல்லாது.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அந்த வரியைச் சங்கரலிங்கம் நான்கு தடவை படித்துவிட்டார். ஐந்தாவது தடவை படிக்காமல் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தென்காசிச் சாலையில் ஆலங்குளத்தைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே இருந்தது அந்த மனநல இல்லம். கூடத்தின் பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தங்கள் வீட்டு மனிதர் ஒருவருக்காகக் கையெழுத்துப் போட வந்தவர்கள். எல்லோருடைய கண்ணும் கோடியில் இருந்த பச்சைக் கதவின் மேல் இருந்தது.

கதவு திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். மகனுக்காக உள்ளே போனவர். போகும்போது மீசையை நீவிக்கொண்டு, "எட்டு நிமிசம்தானே, பல்லைப் பிடுங்குத நேரம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். இப்போது வேட்டி அவிழ்ந்து தரையில் இழுபட்டது. அதை அவர் கவனிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி இருக்கு உள்ள?" என்று யாரோ கேட்டார்கள்.

"எம் மவன் அங்கனதான் இருக்கான்" என்றார் அவர். கொஞ்சம் நின்று, "அஞ்சு வருசமா அங்கனயேதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் மேசையைத் தாண்டி வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

சங்கரலிங்கம் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மனைவி உலகம்மை அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"அவரப் பாக்காதீங்க. கண்ண மூடிக்கிட்டு உக்காந்து எந்திரிச்சு வாங்க. நாலு மணிக்கு ஆபரேசன். இன்னைக்கு விட்டா இன்னும் ரெண்டு வாரமாம். அது வரைக்கும் அந்தப் பிள்ளை உடம்பு தாங்குமா?"

தாங்காது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

அந்தப் பிள்ளை என்பது சங்கரலிங்கத்தின் தங்கை ஆவுடை. பிள்ளை என்றாலும் முப்பத்து மூன்று வயது. காற்றாலைகளைக் கணினித் திரையில் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், காற்றாலை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாக வந்து சொன்னாள். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை, வாழைத்தோப்புதான்.

ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முன்னால் சங்கரலிங்கத்தின் சட்டையைப் பிடித்து, "எங்க அண்ணன எங்க வச்சிருக்கே?" என்று கேட்டாள். "நான்தாம்மா உன் அண்ணன்" என்றார் அவர். அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், சுவரில் முதுகு இடித்து, கத்தினாள். அன்றுதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றிலிருந்து பத்தொன்பது நாளாக வாயில் ஒரு பருக்கை இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. மூக்கில் குழாய் போட்டால் பிடுங்கி எறிந்தாள். கையில் ஏறும் குளுக்கோஸில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒரு வழி சொன்னார். அரிசி அளவில் ஒரு சில்லு. மூளைக்குள் வைத்துவிட்டால் குரல் நின்றுவிடும், பயம் நின்றுவிடும், சாப்பிடுவாள். ஆனால் பயத்தோடு இன்னொன்றும் போகும்.

"உங்களைப் பார்த்தா அண்ணன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "பேரு சொல்லுவாங்க, வாங்கன்னும் சொல்லுவாங்க. ஆனா நம்ம ஆளப் பார்த்ததும் உள்ளுக்குள்ள ஒன்னு அசையுமே, அது அசையாது. யார் மேலயும் அசையாது. வச்ச சில்லைத் திரும்ப எடுக்கவும் முடியாது."

உலகம்மைக்கு இதில் குழப்பமே இல்லை. "இப்ப மட்டும் அசையுதாக்கும்? உங்களக் கண்டாலே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுக்கா. உசிராவது இருக்கும்லா" என்றாள். அவளும் ஆவுடைக்குப் பதினைந்து வருடம் தலை பின்னிவிட்டவள். அன்பில்லாமல் பேசிய பேச்சில்லை அது.

"சங்கரலிங்கம்" என்று பச்சைக் கதவிலிருந்து கூப்பிட்டார்கள்.

*

நாற்காலி பல் டாக்டரின் நாற்காலி மாதிரிதான் இருந்தது. தலைமாட்டில் மட்டும் கோழிக்கூடு போல ஒரு கம்பி வளையம். அதை இயக்குகிற ஜெபக்கனி ஐம்பதை நெருங்குகிற பெண். சாக்பீஸ் வெள்ளையில் சேலை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி.

"கடிகாரத்தக் கழட்டிருங்க அண்ணாச்சி. என்ன வேலை பாக்கீங்க?"

"மெடிக்கல் ஸ்டோர் வச்சிருக்கேன். பேட்டையில."

"அப்ப நம்ம ஆளுதான்." அவர் நெற்றியில் ஈரப் பஞ்சை ஒற்றினாள். திருநீற்றுக் கோட்டைத் தொடாமல் அதன் மேலேயும் கீழேயும் ஒற்றியதை அவர் கவனித்தார்.

"படம் பாக்குத மாதிரி இருக்குமாம்மா?"

"இல்ல. பாக்கமாட்டீங்க. நீங்க அவளா இருப்பீங்க. அவ மனசு எந்த நாளச் சுத்திச் சுத்தி வருதோ, பயம் எங்க கெட்டியாக் கெடக்கோ, அந்த எடத்துல இருந்து எட்டு நிமிசத்த மெசினு எடுத்துக் குடுக்கும்."

"பேய் பிசாசு மாதிரி ஏதாவது…"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் ஒருத்தர் மனசுக்குள்ளயும் எட்டிப் பாக்கக் கூடாது. அதுவும் சட்டம்."

"இது ஒட்டிக்கிடுமா?" கேட்டுவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

ஜெபக்கனி சிரிக்கவில்லை. "எல்லாரும் கேக்கதுதான். ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும். சட்டியக் கழுவினாலும் வாசம் நிக்கும்லா, அப்படி. பொறவு போயிரும். கைய வேணும்னா பிடிச்சுக்கிடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். கை தானாகவே நீண்டது.

*

முதலில் வந்தது குரல். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேசுவதுபோல, வெகு சாதாரணமாக.

"எந்திரிச்சுட்டா பாரு."

"பாயச் சுருட்டுதா."

"சுருட்டட்டும். இப்ப அடுக்களைப் பக்கம் போவா பாரு."

கால்கள் நடந்தன. அவை தன் கால்கள் இல்லை என்று சங்கரலிங்கத்துக்கு ஒரு கணம் தெரிந்தது. அடுத்த கணம் சங்கரலிங்கம் என்பவரே இல்லை. அங்கே இருந்தது ஆவுடை மட்டும்.

"போறா பாரு. நாங்க சொன்னோம்லா."

சொன்னதால் போகிறேனா, போவதால் சொல்கிறார்களா என்று ஆவுடைக்குத் தெரியவில்லை. எத்தனையோ மாதமாகத் தெரியவில்லை. ஒரு கையை அசைத்தால் அந்த அசைவு சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சாகிவிடும். தூங்கினால் தூங்குகிறாள் என்பார்கள். அழுதால் அழுகிறாள் என்பார்கள். ஒரு வீட்டில் கதவே இல்லாமல் குடியிருப்பதுபோல இருந்தது. அந்தக் குரல்கள் நாள் தவறாமல் ஒன்று சொல்லும்: "உனக்குச் சாப்பாட்டுல மருந்து வைக்கான்." நாள் தவறாமல் அவளும் மனதுக்குள் பதில் சொல்வாள்: எங்க அண்ணன் அப்படிச் செய்யமாட்டான். கிணற்றுக்குள் விழுந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

நல்ல பகல். அடுக்களையில் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மைனி உலகம்மை கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணனுக்கு அடுக்களையில் என்ன வேலை?

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். மருந்துக் கடையில் மடிக்கிற மடிப்பு. விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பிரித்தான். வெள்ளைப் பொடி ரசத்துக்குள் விழுந்தது. கரண்டியால் கலக்கினான். குனிந்து மோந்து பார்த்தான். கொத்தமல்லித் தழையைக் கிள்ளி மேலே தூவினான், பார்வைக்கு நன்றாக இருக்கவேண்டும் என்பதுபோல.

"பாத்தாளா?"

"பாத்துட்டா."

கிணறு. கயிறு. கை.

பூஜை அறையில் வைத்து அவள் கேட்டாள். குரல் நடுங்காமல் இருக்கப் பற்களைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அண்ணன் திரும்பினான்.

"நானா? உனக்கா? என்ன பேச்சு பேசுதே தாயி!"

"அப்போ சத்தியம் பண்ணு."

அவன் தட்டில் சூடத்தை வைத்து ஏற்றினான். "திருச்செந்தூர் முருகன் சாட்சியா, நான் உன் சாப்பாட்டுல ஒன்னும் கலக்கல." உள்ளங்கையைச் சுடர் மேல் வைத்து அணைத்தான். கை நடுங்கவே இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல். அப்பாடா, சத்தியம் செய்துவிட்டான். அதற்குப் பிறகுதான் கணக்கு வந்தது. எங்க அண்ணன் பொய்ச் சத்தியம் செய்யமாட்டான். குளிக்காமல் சாமி படத்தைத் தொடாதவன் அவன். சத்தியம் நிஜம். ஆனால் பொடி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதுவும் நிஜம்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. மாதக்கணக்கில் நிற்காத பேச்சு. அந்த அமைதி, குரலைவிடக் கொடுமையாக இருந்தது. காது அடைத்துக்கொண்டது. பிறகு ஒரே ஒரு குரல், மிகவும் பிரியமாக, காதோரம் வந்து கேட்டது.

"அப்போ இவன் யாரு?"

சூடத்தட்டின் மேல் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான்.

அதே நெற்றி. அதே திருநீறு. இடது புருவத்தில் அதே தழும்பு. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. உள்ளே மட்டும் ஆள் இல்லை. பூட்டிய வீட்டு ஜன்னலுக்குள் பார்ப்பதுபோல இருந்தன அந்தக் கண்கள். அண்ணனின் வாய் அண்ணனின் சிரிப்பைச் சிரித்தது.

"போய்ச் சாப்பிடும்மா" என்றது அந்த வாய்.

சரி என்று தலையாட்டினாள். தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. இவனுக்குத் தெரிந்தால் அண்ணனை ஏதாவது செய்துவிடுவான். மெல்ல வெளியே வந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவைத் திறந்து சேலைகளை விலக்கிப் பார்த்தாள். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். வாழைத்தோப்புக்குள் இறங்கி, அந்த ஆளுக்குக் கேட்டுவிடாதபடி, மூச்சுக்குள்ளேயே கூப்பிட்டாள்.

"அண்ணே… அண்ணே… எங்கண்ணே இருக்கே?"

வாழை இலைகள் அசைந்தன. ஒவ்வொரு இலைக்குப் பின்னாலும் பார்த்தாள். எங்கும் இல்லை. இந்த உலகத்தில் அவளுக்கு இருந்த ஒருவனை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். வீட்டு வாசலில் அந்த ஆள் வந்து நின்று அண்ணனின் குரலில் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டான்.

*

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி. முடிஞ்சிட்டு. மூச்ச இழுத்து விடுங்க."

யாரோ ஒரு பெண் அவர் கையைப் பிடித்திருந்தாள். வெள்ளைச் சேலை, சிலுவை. ஜெபக்கனியின் முகம். ஆனால் அவளேதானா? சங்கரலிங்கம் கையை உதறிக்கொண்டு நாற்காலியின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டார்.

"நீங்க யாரு?"

"ஜெபக்கனி" என்றாள் அவள். பிறகு ஓரடி பின்னால் போய்த் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள், அவர் கண் மட்டத்துக்குக் கீழே. "நம்ப வேண்டாம். நீங்க நம்பணும்னு எனக்கு ஒன்னும் அவசரம் இல்ல. மிச்சம் போற வரைக்கும் நான் இங்கன இருக்கேன். கதவு தெறந்துதான் கெடக்கு. எப்ப வேணும்னாலும் போலாம்."

அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அவர் பார்க்கும்படி, அண்ணாந்து ஒரு வாய் தன் வாயில் ஊற்றிக்கொண்டு, மீதியை அவருக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். தாகம் தொண்டையைக் கிழித்தது. அவரால் தொட முடியவில்லை. வெறும் தண்ணீர் என்று புத்திக்குத் தெரிந்தது. கை போகவில்லை.

கால் மணி நேரம் கழித்து, அழுகையோடு சேர்ந்து அவருக்குப் பேச்சு வந்தது.

"நான்தாம்மா கலந்தேன்."

ஜெபக்கனி இருந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தாள்.

"மாத்திரையத் துப்பிருவா. என்ன செய்ய? பொடிச்சு ரசத்துல கலந்தேன். காரத்துல கசப்பு தெரியாது. வெளிய பாக்க ரெண்டு மாசம் நல்லாவே இருந்தா. எம் புத்திய நானே மெச்சிக்கிட்டேன். கடைக்கு வார சனங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன், இப்படிக் கலந்து குடுங்கன்னு. எத்தன வீடோ." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பொய்ச் சத்தியம் பண்ணுனதுக்குத் திருச்செந்தூர்ல போயி மொட்ட போட்டேன். முருகங்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவகிட்ட கேக்கல."

"நோயிக்கு நீங்க காரணம் இல்ல அண்ணாச்சி. குரலு அதுக்கு முந்தியே வந்துட்டு."

"தெரியும். ஆனா அந்தக் குரலு சொன்ன நூறு பொய்யில ஒன்ன நான்லா நெசமாக்கிக் குடுத்திருக்கேன். எங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டான், அதனால இவன் அண்ணன் இல்ல. அவ கணக்கு அவ்வளவுதாம்மா. அதுல தப்பு எங்க இருக்கு?"

வெளியே வந்தபோது நடைவழியில் ஒரு கைகழுவும் தொட்டியும் மேலே கண்ணாடியும் இருந்தன. நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் அந்த ஆள் நின்றான். திருநீறு, தழும்பு, பூட்டிய வீட்டு ஜன்னல் போன்ற கண்கள். ஓடிவிடலாம் போல இருந்தது. தன் முகத்தை விட்டு எங்கே ஓடுவது?

கூடத்தில் உலகம்மை எழுந்து நின்றாள். "பேனா இந்தா இருக்கு" என்று நீட்டினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கையைத் தாழ்த்திக்கொண்டாள். மணி பன்னிரண்டரை.

"நாலு மணி வரைக்கும் நேரம் இருக்குல்லா" என்றார் சங்கரலிங்கம். "ஒரு தடவ அவளப் பாத்துட்டு வந்துருதேன்."

*

ஆவுடையின் அறைக் கதவு திறந்திருந்தது. போர்வைக்குள் உடம்பு இருப்பதே தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழக்கமாக அவர் நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தலையைத் தடவி, "அண்ணன் வந்திருக்கேன்ம்மா" என்பார். அது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது அவருக்குத் தெரியும். ஓரத்தில் இன்னும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கே இந்த அறையின் மூலைகள் பயமாக இருந்தன. வாசலைத் தாண்டாமல் நிலையடியில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் உள்ள வரல. இங்கனயே இருக்கேன். நான் யாருங்கறத நீ நம்ப வேண்டாம். ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போயிருதேன்."

போர்வையின் நுனியை அவள் இழுத்துக்கொண்டாள்.

"ரசத்துல பொடி போட்டது நெசம். நீ அடுக்களை வாசல்ல நின்னு பாத்தது நெசம். உன் கண்ணு பொய் சொல்லல. சூடம் அணைச்சது பொய்ச் சத்தியம்."

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கும் இவள் திரும்பாவிட்டால் பேனாவை வாங்கிப் போட்டுவிட வேண்டியதுதான். வேறு என்ன இருக்கிறது?

"கொத்தமல்லி?"

பத்தொன்பது நாள் பேசாத தொண்டை. சருகு உரசுவதுபோல இருந்தது அந்தச் சொல்.

"போட்டேன்" என்றார் அவர். "மேல தூவினேன்."

போர்வை நடுங்கத் தொடங்கியது. சத்தமில்லாமல் அழுகிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு மெல்லத் திரும்பினாள். கண்கள் குழிக்குள் இருந்தன.

"சுவத்துக்கு அங்கிட்டு ரெண்டு பேரும் 'நாங்க சொன்னோம்லா'ங்காங்க."

"அவங்க சொன்னதுல அது ஒன்னுதான் நெசம். அதையும் அவங்களுக்கு எடுத்துக் குடுத்தது நான்தான். செஞ்சது தப்பு. மன்னிச்சிரு."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி. ஆனா நீங்க பொய் சொல்லல."

மதிய இடைவேளையில் வார்டு வேலையும் பார்க்கும் ஜெபக்கனி அந்த நேரத்தில்தான் கஞ்சியோடு வந்தாள். நடந்ததை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, டம்ளரைக் கட்டிலருகே மேசையில் வைத்தாள். "நொய்க் கஞ்சி. உப்புப் போட்டிருக்கு. வேற ஒன்னும் இல்ல. மாத்திரை தனியா இந்தத் தட்டுல இருக்கு, வேண்டாம்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ஆவுடை கஞ்சியைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன நீங்க பாத்திருக்கியளா?"

"பாத்திருக்கேன்."

"உசிரோட இருக்கானா?"

"இருக்கான்."

"சாப்பிட்டானா?"

அவருக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள், திக்கித் திக்கி: "நான் தின்னா அவன் பங்கு போயிருமாம். சுவத்துக்கு அங்கிட்டுச் சொல்லுதாங்க. அவன் பசி தாங்கமாட்டான். மதியம் ரெண்டு மணி ஆனாலே தலவலி வந்துரும் அவனுக்கு. அதான் தினமும் அவனுக்குன்னு தொடாம வச்சிருக்கேன். இவங்க எடுத்துட்டுப் போயி கொட்டிருதாங்க."

ஜெபக்கனி வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள். பத்தொன்பது நாள். விஷம் என்று பயப்படுகிறாள் என்றுதான் டாக்டரும், நர்ஸுகளும், உலகம்மையும், அவரும் நினைத்திருந்தார்கள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. அவன் சாப்பிட்டானா?"

சாப்பிட்டான் என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு சின்னச் சொல். சொல்லிவிட்டால் கஞ்சியை எடுத்துக் குடித்துவிடுவாள். சில்லு வேண்டாம், கையெழுத்து வேண்டாம். நல்லதுக்குத்தானே? அந்த 'நல்லதுக்குத்தானே' எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது. பொட்டலத்தைப் பிரித்த அன்றும் அது இதே குரலில்தான் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லி, அதனால் இவள் இன்றைக்கும் குடிக்காமல் போய்விட்டால்? மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டார். எதிரே தங்கையின் கண்கள் காத்திருந்தன.

"இல்லம்மா" என்றார். "இன்னைக்கு அவன் ஒன்னும் சாப்பிடல. காலையில இட்லி வச்சாங்க. பயத்துல தொடல."

"பயமா? அவனுக்கு என்ன பயம்?"

"உனக்கு என்ன ஆகுமோன்னு."

ஆவுடை முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்கிறாள் போலிருந்தது. பிறகு, வேண்டாத பேச்சை நிறுத்தச் சொல்வதுபோலக் கையை லேசாக அந்தப் பக்கம் அசைத்துவிட்டு, எழுந்து உட்கார முயன்றாள். முடியவில்லை. ஜெபக்கனி முதுகுக்குத் தலையணை வைத்தாள். ஆவுடை மேசையில் இருந்த வெறும் டம்ளரை எடுத்து, கஞ்சியை இரண்டாகப் பிரித்து ஊற்றினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தாள். ஒன்றில் கூடுதலாக இருந்தது. அதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இத அவங்கிட்டச் சேத்துருவியளா? வழியில கொட்டிர மாட்டியளே?"

"சேத்துருதேன்."

சங்கரலிங்கம் எழுந்து வந்து டம்ளரை வாங்கினார். ஒரு மணி நேரம் இன்னும் முடியவில்லை. காதோரத்தில் ஏதோ ஒன்று, மிகவும் பிரியமாக, குடிக்காதே என்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, அங்கேயே, அவள் முன்னாலேயே, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

ஆவுடை தடுக்கவில்லை. காலி டம்ளரை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம். தன் பங்குக் கஞ்சியை இரண்டு கையாலும் எடுத்தாள்.